மடமும் சத்திரமும் இல்லாத சாலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரமக்குடி – ராமநாதபுரம் சாலையை நான்கு வழியாக்கும் திட்டத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 46.7 கிலோமீட்டர், 1,853 கோடி ரூபாய். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஆளுக்கொரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். யார் நிலம் போகும், யார் கடை போகும் என்பதுதான் பேச்சு. அதில் நான் வாய் திறக்க முடியாது. அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஆனால் ஊருக்குள் போகிற சாலை, ஊரைச் சுற்றிப் போகிற சாலை இரண்டையும் அறிந்தவள் நான். லாரி ஓட்டுநரின் மகள். பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் அயர்லாந்தில் செவிலியராக வேலை பார்த்தவள். அங்கேதான் கார் ஓட்டக் கற்றேன். அந்த நாட்டின் பழைய நெடுஞ்சாலைகள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டு விலகியதும் நான் ஓட்டிய காலத்தில்தான்.

அப்பா மண்டபத்திலிருந்து மதுரைக்குக் கருவாடு ஏற்றிப் போனவர். 1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை ராமேசுவரம் தீவுக்குள் லாரி வர வழியில்லை. வீடு தங்கச்சிமடத்தில், லாரி மண்டபத்தில். வேலைக்குப் போவதென்றால் அப்பா ரயிலேறிக் கடலைத் தாண்டி லாரியிடம் போக வேண்டும். "லாரி அக்கரையில் நிற்கிறது" என்று அம்மா சொல்வது, கட்டுத்தறியில் மாடு நிற்கிறது என்று சொல்வதுபோல இருக்கும்.

முழுப்பரீட்சை விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். சத்திரக்குடி நெருங்கும்போது தோள் துண்டை எடுத்து என் மூக்கைச் சுற்றிக் கட்டிவிடுவார். சாலையின் இரண்டு ஓரத்திலும், சில இடங்களில் பாதிச் சாலை வரைக்கும், முண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். மற்ற ஊர் மிளகாய்போல நீளமாக இராது. உருண்டையாக, தோல் தடித்து, கோலிக்குண்டுகளைக் கொட்டி வைத்ததுபோலக் கிடக்கும். (2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காலத்தில் அதற்குக் குறியீடு எங்கள் தும்மல்தான்.) சக்கரம் ஏறிவிடாமல் இருக்கக் கல்லும் கருவேலங்கட்டையும் வரிசையாக வைத்திருப்பார்கள். எதிரே பஸ் வந்துவிட்டால் கிளீனர் அண்ணன் குதித்து இறங்கி, கல்லை நகர்த்தி, லாரி போனதும் பழையபடியே வைத்துவிட்டு ஓடிவந்து தொற்றிக்கொள்வார். ஒருமுறை அவசரத்தில் வைக்க மறந்தார். காவலுக்கு உட்கார்ந்திருந்த பாட்டி எங்கள் குலத்தையே பேர் சொல்லித் திட்டியது ராமநாதபுரம் வரை காதில் கேட்டது.

பரமக்குடியில் டீ. ஹாரன் சத்தத்தை வைத்தே ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார் அந்தக் கடைக்காரர். லாரி நிற்பதற்குள் அப்பாவுக்குச் சீனி குறைவாக ஒரு கிளாஸ் தயாராக இருக்கும். கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அவர் மனைவி வந்து, தகரக் கதவு போட்ட கழிப்பறைக்கு என்னை அழைத்துப்போவார். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் வெளியே வரும்வரை அந்த அம்மாள் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். அந்தக் கை, அதில் ஈர மாவு ஒட்டியிருந்தது, கதவின் மேல்விளிம்பில் நாலு விரல் மட்டும் தெரிந்தது, இன்றும் கண்ணில் நிற்கிறது. அதற்கு அவர் காசு வாங்கியதில்லை. நாங்களும் கொடுத்ததில்லை.

மானாமதுரைப் பானைக்கடைகள், திருப்புவனம் சந்தை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இடம் கருதி விட்டுவிடுகிறேன்.

2001-இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கால்வே நகரத்துக்கு வேலைக்குப் போனேன். புழுங்கல் அரிசி, புளி, நல்லெண்ணெய் வாங்க மாதம் ஒருமுறை கிழக்குக் கரையில் உள்ள டப்ளினுக்குப் போய்வர வேண்டும். சுமார் 210 கிலோமீட்டர். பழைய நிசான் மைக்ரா ஒன்று வாங்கினேன். அந்த நாட்டு ஓட்டுநர் உரிம விதியைக் கேட்டால் அப்பா சிரிப்பார். இரண்டாவது தற்காலிக உரிமம் வைத்திருந்தால் துணைக்கு ஆள் இல்லாமல் ஓட்டலாம் என்பது அப்போதைய சட்டம். ஆகவே தேர்வில் தோற்றவரும் அதே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். நானும் ஒருமுறை அப்படித் திரும்பினேன். இன்னொரு கூத்து: பச்சைப் பலகையில் ஊர்த் தூரம் கிலோமீட்டரில் இருக்கும், வேக வரம்போ மைலில் இருக்கும். 2005 ஜனவரி 20 அன்றுதான் வேகத்தையும் கிலோமீட்டருக்கு மாற்றினார்கள். அதுவரை நான் மனக்கணக்கில்தான் ஓட்டினேன்.

அந்தச் சாலைக்கு என்6 என்று பெயர். கால்வேயிலிருந்து லாக்ரே, பாலினஸ்லோ, அத்லோன், மோட், கில்பெகன், கின்னெகட் என்று போகும். அத்லோனுக்கு மட்டும் 1991-லேயே புறவழி வந்துவிட்டது. மற்ற ஊர்களையெல்லாம் கடைத்தெரு வழியாகத்தான் கடக்க வேண்டும். கின்னெகட்டில் ஸ்லைகோ போகிற சாலையும் கால்வே போகிற சாலையும் பிரியும். வெள்ளிக்கிழமை மாலை டப்ளினைவிட்டு மேற்கே கிளம்பியவர்கள் எல்லாரும் அந்த ஒரே தெருவில் நிற்பார்கள். முன்னால் நிற்கும் காரின் பின்கண்ணாடியில் குழந்தை வரைந்த படம் உலர்ந்து அழியும்வரை நின்றிருக்கிறேன். பாலினஸ்லோவில் அக்டோபரில் குதிரைச் சந்தை. ஐரோப்பாவின் பழைய சந்தைகளில் ஒன்று என்பார்கள். அந்த வாரம் போனால் காருக்குப் பக்கத்தில், கண்ணாடியை இறக்கினால் மூச்சு முகத்தில் படும் தூரத்தில், குதிரை நிற்கும். அந்த ஊரின் ஐரிஷ் பெயருக்குப் பொருளே 'பெருங்கூட்டம் ஆற்றைக் கடக்கிற துறையின் வாய்' என்பதுதான். பெயர் வைத்தவர்கள் போக்குவரத்து நெரிசலை முன்பே பார்த்துவிட்டார்கள்.

மோட் என்ற ஊரில் ஒரு ரொட்டிக்கடை. வெளியே வானம் கருத்து மழை விடாமல் பெய்கிற ஒரு நாள், அந்தத் தெருவில் சவ ஊர்வலம் வந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். லாரி, பஸ், என் மைக்ரா எல்லாம் இஞ்சினை அணைத்தன. எனக்குத் தெரியாத யாரோ ஒருவருக்காக நானும் இறங்கி, நனைந்துகொண்டு சிலுவை போட்டேன். ஊர்வலம் போனதும் ரொட்டிக்கடை அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டு, துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்து, தேநீர் கொடுத்து, கேட்காமலே கழிப்பறை இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். பரமக்குடி நினைவு வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அங்கே நிறுத்துவேன்.

2009 டிசம்பரில் டப்ளின் – கால்வே அதிவேகச் சாலை முழுதாகத் திறந்தது. நான்கு மணி நேரம் பிடித்த பயணம் இரண்டேகால் மணி நேரமாயிற்று. புறவழியை நான் குறை சொல்ல மாட்டேன். அவசரப் பிரிவில் வேலை பார்த்தவளுக்கு ஆம்புலன்சுக்கு நிமிடம் என்றால் என்ன என்று தெரியும். மோட் ஊர்க்காரர்களும் மகிழ்ந்தார்கள். வயதானவர்கள் தெருவைக் கடக்க முடிந்தது. பழைய சாலையைப் பற்றி உருகிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் கின்னெகட் வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை மறந்தவர்கள்.

ஆனால் ஒன்றை அந்த நாட்டுக்காரர்கள் கோட்டைவிட்டார்கள். சாலையைப் போட்டார்கள், நிற்க இடம் போடவில்லை. 200 கிலோமீட்டருக்கு வழவழவென்று தார், இரண்டு பக்கமும் வேலி, ஒரு கழிப்பறை இல்லை. நாட்டின் முதல் அதிவேகச் சாலைத் துண்டு நாஸ் ஊருக்குப் புறவழியாக 1983-இல் வந்தது. அரசு ஏற்பாட்டில் சாலையோர ஓய்விடங்கள் முதன்முதலில் திறந்ததோ 2010-இல், அதுவும் வடக்கே போகும் எம்1 சாலையில். இடைப்பட்ட ஆண்டுகளில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று எந்தப் பொறியாளரும் கேட்கவில்லை போலும். நாங்கள் புறப்படும்போதே தண்ணீர் குடிக்காமல் புறப்படுவோம். சிறுநீர்த் தொற்றோடு வந்த பெண்களுக்கு மருந்து கொடுக்கும்போது நான் மனத்துக்குள் அந்தச் சாலையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு விழித்துக்கொண்டார்கள். லிமெரிக் சாலையில் மணிகால் என்ற சின்ன ஊர் 2010 கடைசியில் புறவழியால் ஒதுங்கியது. ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஒருவர் 1850-இல் கப்பலேறியது அந்த ஊரிலிருந்துதான். 2011 மே மாதம் அதிபராகவே அவர் வந்து போனார். 2014-இல் அந்தச் சாலையோரத்தில் பெட்ரோல், சாப்பாடு, கழிப்பறையோடு பெரிய ஓய்விடம் ஒன்றைக் கட்டி அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே வேலை பார்த்தவர்களிடம் பேச்சுக்கொடுத்தால் பலரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்.

இன்னொன்றை முதலிலிருந்தே சரியாகச் செய்தார்கள். பழைய என்6 சாலையை அப்படியே போட்டுவிடவில்லை. அதற்கு ஆர்446 என்று புது எண் கொடுத்து, பலகை நட்டு, தொடர்ந்து பராமரிக்கிறார்கள். சுங்கம் கட்ட விரும்பாதவர், அவசரமில்லாதவர், ரொட்டிக்கடைக்குப் போகிறவர் எல்லாருக்கும் வழி உண்டு. சில மாதங்கள் கழித்து ஒருநாள் அந்த வழியாக மோட் போனேன். ரொட்டிக்கடை அம்மாள், "நீ இந்தியாவுக்கே திரும்பிவிட்டாய் என்றல்லவா நினைத்தேன்" என்றார். எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ராமேசுவரம் சாலையில் இருக்கிற ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சத்திரக்குடி. மண்டபம். அக்காள்மடம். தங்கச்சிமடம். தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம். சத்திரம், மண்டபம், மடம். சேதுவுக்கு நடந்து வந்தவர்கள் உட்கார, படுக்க, தண்ணீர் குடிக்க இருந்த இடங்கள். சேதுபதி மன்னர்கள் இந்த வழியில் சத்திரங்கள் கட்டிவைத்தார்கள். எங்கள் ஊர்ப் பெயரே ஒரு வேலையின் பெயர். பரமக்குடி டீக்கடைக்காரரும் அவர் மனைவியும் சம்பளம் இல்லாமல் அந்த வேலையைத்தான் செய்தார்கள்.

பாலம் திறந்தபோது மண்டபத்துக்கு நடந்ததை நாங்கள் பார்த்தோம். அதுவரை வண்டிகளுக்கு அதுதான் கடைசி ஊர். வேனை நிறுத்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ரயிலேறுவார்கள். பாலம் வந்த மறுவாரமே வேன்கள் நிற்காமல் போயின. அப்பா வழக்கமாகச் சாப்பிட்ட இட்லிக்கடை அந்த வருடப் பொங்கலைக்கூடப் பார்க்கவில்லை. பாலம் வேண்டாம் என்று அப்பாவே சொல்லவில்லை. லாரி வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

இன்று ராமேசுவரத்துக்கு வடநாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள், அவர்களிலும் வயதானவர்கள் அதிகம். சென்ற மாதம் அப்பாவைக் கண் பரிசோதனைக்காக மதுரைக்குக் காரில் கூட்டிப்போனேன். பரமக்குடிக்கு மேற்கே ஏற்கெனவே இருக்கும் நான்கு வழிச் சாலையில் ஒரு சுற்றுலா பஸ் ஓரமாக நின்றிருந்தது. ஐந்தாறு வயதான அம்மாக்கள் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒருவர் பின் ஒருவராகக் கருவேலம் புதருக்குள் போய் வந்துகொண்டிருந்தார்கள். சேலைத் திரையின் மேல்விளிம்பில் விரல்கள் மட்டும் தெரிந்தன.

சாலை போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சத்திரக்குடியை விலக்கிப் போவதானால் போங்கள். ஆனால் அந்த ஊர் செய்துவந்த வேலையையும் திட்டத்தில் சேருங்கள். ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். பழைய சாலைக்கு ஓர் எண்ணும், அதைப் பராமரிக்க ஓர் அலுவலகமும் இருக்கட்டும். அந்தத் திருப்பத்திலேயே ஓர் ஓய்விடம் கட்டி, நடத்தும் பொறுப்பை உள்ளூர்ப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுங்கள். முண்டு மிளகாயை அங்கே விற்கட்டும். காய வைக்கத் தனிக் களமும் போட்டுக்கொடுத்தால் சாலையில் கல் வைக்கும் வேலை மிச்சம். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் தேவதைகள் கூடும் இடம் என்று நம்பிய ஒரு முட்புதரைக் காப்பாற்ற 1999-இல் சாலை வேலையையே மாற்றினார்கள். நம் மாவட்டத்தில் முள்ளுக்குப் பஞ்சமில்லை, அதற்காக நான் மனுப் போடவில்லை. நான் கேட்பது தண்ணீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை. கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். இதையும் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தங்கச்சிமடம்.
(பெயர் போட வேண்டாம், ஊர்ப் பெயர் மட்டும் தவறாமல் வரட்டும்.)