படுகை நிலம் பற்றி அப்பா எழுதுவது

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். அங்கே உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

கொள்ளிடக் கரைக்கு உட்பக்கம் உள்ள நம் படுகை நிலத்தில் வீடு கட்டுவதற்காக நீ அனுப்பிய வரைபடத்தை வாட்ஸ்அப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆற்றைப் பார்த்தபடி திண்ணை வைத்திருக்கிறாய். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

கொள்ளிடம் என்ற பெயருக்கே கொள்ளும் இடம் என்று நம் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும்போதும், பிறகு கல்லணையிலிருந்தும், பாசனத்துக்கு வேண்டியது போக மிஞ்சும் தண்ணீரெல்லாம் இந்த ஆற்றில்தான் தள்ளிவிடப்படுகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவை வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவை. கொள்ளிடமோ வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. தஞ்சாவூரும் கும்பகோணமும் ஆடி மாதத்தில் நிம்மதியாகத் தூங்குகின்றன என்றால், அந்தத் தண்ணீர் நம் கத்திரித் தோட்டத்தின் மேல் ஏறிப் போகிறது என்று அர்த்தம். நம் படுகை, கரைக்கு உட்பக்கம் இருக்கிறது. பட்டா நம் பெயரில் இருந்தாலும், வெள்ளக் காலத்தில் அது ஆற்றுக்குச் சொந்தமான இடம்.

என் தாத்தா 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தை ‘ரக்தாட்சி வருஷத்து வெள்ளம்’ என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே ஆடியில் மலையாள நாட்டிலும் பெருவெள்ளம் வந்தது. அது அவர்களுடைய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1099 என்பதால், அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்கிறார்கள். அப்போது மேட்டூர் அணை கிடையாது. வினாடிக்கு ஏறத்தாழ நாலரை லட்சம் கன அடி என்று கணக்கிடப்பட்ட அந்தத் தண்ணீர், தடுக்க எதுவுமில்லாமல் நேராக இறங்கி வந்தது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த மேட்டூர் அணை வந்தபிறகு இனி பயமில்லை என்று ஊரார் நினைத்தார்களாம். ஆனால் அணை 93.47 டி.எம்.சி.தான் கொள்ளும், நிரம்பியபின் மேலேயிருந்து வருவதைக் கீழே விட்டுத்தான் ஆகவேண்டும்.

2005 வெள்ளத்தை நீயும் பார்த்திருக்கிறாய். அப்போது நீ ஐந்தாம் வகுப்பு. கரைமேல் நின்று, மிதந்துபோன பூசணிக்காய்களை நண்பர்களோடு எண்ணிக்கொண்டிருந்தாய். கரையிலிருந்து பார்ப்பவனுக்கு வெள்ளம் வேடிக்கைதான். உள்ளே வீடு வைத்திருப்பவனுடைய கதை வேறு. அந்த முறை நான் ஆயில் இன்ஜினை நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று படுகையிலேயே விட்டு வந்தேன். அது முழுக்க என் சோம்பல், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. தண்ணீர் வடிந்தபின் தேடியபோது, இரண்டு வயல் தள்ளி, வண்டலுக்குள் அதன் சக்கரம் மட்டும் தெரிந்தது.

2022 ஆடியில் நடந்ததைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ளவேண்டும். மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் மக்களையெல்லாம் வெளியேறச் சொன்னார்கள். நம் ஊரில் எந்த அறிவிப்பையும்விட அய்யனார் கோயில் குதிரையைத்தான் பார்ப்போம். குளம்பு நனைந்தால் மாடுகளைக் கரைக்கு ஏற்றவேண்டும், வயிற்றைத் தொட்டால் மனிதர்கள் ஏறிவிடவேண்டும் என்பது பழைய வழக்கம். அன்று விடியும்போது தண்ணீர் குளம்பில் இருந்தது. நண்பகலுக்குள் வயிற்றைத் தொட்டுவிட்டது. படுகையில் புதிதாக வீடு கட்டியிருந்த உன் ஒன்றுவிட்ட சித்தப்பா, தரைக்கு நல்ல டைல்ஸ் போட்டிருக்கிறேன், தண்ணீர் வந்தாலும் கழுவிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கேஸ் சிலிண்டரை எடுப்பதற்காகப் படகில் திரும்பிப் போகவேண்டியதாயிற்று. நான்கு நாள் கழித்து நானும் அவரோடு உள்ளே போனேன். கூடத்தில் கணுக்கால் அளவு சேறு. டைல்ஸ் அடியில் ஊறி வரிசை வரிசையாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு விரால் செத்துக் கிடந்தது. சித்தி கரைமேல் தார்ப்பாயை விரித்து, ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல் வைத்துக் காயப்போட்டிருந்தார். அவர் அழவில்லை, யாரோடும் பேசவுமில்லை. காற்றில் ஒரு தாள் அசைந்தபோதெல்லாம் எழுந்து போய்க் கல்லைச் சரிசெய்தார்.

அப்படியானால் கரைக்கு வெளியே கட்டினால் போதுமா என்று நீ கேட்பாய். போதாது. அதே ஆண்டு நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். ஆடி வெள்ளம் மேற்கேயிருந்து இரண்டு மூன்று நாள் முன்னறிவிப்போடு வருகிறது, போயும்விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்குகிறது. நம் நிலம் கடலை நோக்கி மிகக் குறைந்த சரிவு உடையது. வடிகால்கள் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கின்றன. ஆற்றைத் தடுக்கும் அதே கரை, தெருத் தண்ணீர் ஆற்றுக்குள் இறங்குவதையும் தடுக்கிறது. அந்த மழையில் நம் சம்பாப் பயிர் ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தது. மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல் நட்டிருந்த பக்கத்து வயல் தண்ணீர் வடிந்ததும் தலைநிமிர்ந்தது, நம்முடையது அழுகிப்போனது. விதையிலேயே தண்ணீரைத் தாங்குவதைத் தேர்ந்தெடுக்கவேண்டிய ஊரில், வீட்டுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு யோசிக்கவேண்டும் என்று பார்த்துக்கொள்.

ஆகவே படுகை மல்லிகைக்கும் கத்திரிக்குமே இருக்கட்டும். வண்டல் படிந்த அடுத்த ஆண்டு அங்கே விளைவதைப்போல வேறெங்கும் விளைவதில்லை. வீட்டை நம் பழைய கொல்லையில் கட்டலாம். 2022 நவம்பர் மழைத் தண்ணீர் நின்ற அடையாளம் மாட்டுக்கொட்டகைத் தூணில் இன்னும் இருக்கிறது. அதற்கு இரண்டடி மேலே தரைமட்டம் வரும்படி கொத்தனாரை நூல் பிடித்து அளந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். படி கூடுதலாக ஏறவேண்டியிருக்கும் என்று அம்மா முணுமுணுக்கிறாள். ஒரு பக்கம் கைப்பிடி வைத்துவிடு. திண்ணையை மாடிக்கு மாற்றினால் கரைக்கு மேலாக ஆறு தெரியும். வரைபடத்தைத் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
அப்பா