ராணுவச் செயற்கைக்கோளின் கொள்ளளவை வீணாக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்ட கடற்படைக்கான சிஎம்எஸ்-03 தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் குறித்த செய்திகள், அதன் 4,410 கிலோ எடையையே பெரிதும் பேசின. கடற்படையின் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கோ, அதன் கொள்ளளவு, அதாவது அது ஒரே நேரத்தில் சுமக்கக்கூடிய தகவலின் அளவு, எவ்வாறு பங்கிடப்படப் போகிறது என்பதே முதன்மையான கேள்வி.

செயற்கைக்கோளில் அளவோடு இருப்பவை இரண்டு: அலைக்கற்றையும், சிக்னலைப் பெற்று வலுவாக்கித் திருப்பி அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரின் மின்திறனும். சிறிய டிஷ் ஆன்டெனா கொண்ட கலம் ஒன்று, பெரிய ஆன்டெனா உள்ள தளம் பெறும் அதே வேகத்தைப் பெற வேண்டுமானால், செயற்கைக்கோள் அதற்காகக் கூடுதல் மின்திறனைச் செலவிட வேண்டும். அலைக்கற்றை மீதமிருக்க மின்திறன் தீர்ந்துபோகும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. எனவே பங்கீட்டுத் திட்டம் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒவ்வொரு கப்பலுக்கும் அலைக்கற்றையில் ஒரு பகுதியை, அதாவது ஒரு தடத்தை, நிரந்தரமாக ஒதுக்குவது எளிது. ஆனால் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாள்களில் அத்தடம் சும்மா கிடக்கும். அமெரிக்கப் படைகள் இதே நெருக்கடியைச் சந்தித்தபோது, யுஎச்எஃப் எனும் ரேடியோ அலைவரிசையின் 25 கிலோஹெர்ட்ஸ், 5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள தடங்களைத் தேவைக்கேற்பப் பலர் பகிரும் முறைக்கு 1990-களில் மாறின. நாமும் முன்னுரிமை வரிசையை அமைதிக் காலத்திலேயே வகுத்து, அவசர வேளையில் யாருடைய இணைப்பு யாருக்கு வழிவிடும் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

கேயூ எனும் உயர் அதிர்வெண் அலைவரிசையில் மழை சிக்னலை வலுவிழக்கச் செய்வதால், அதுவும் ஒரு கணக்கு. பெருமழைக்கென ஆண்டு முழுவதும் மின்திறனை ஒதுக்கி வைப்பதைவிட, வானிலைக்கேற்பத் தரவு வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மோடம்களைப் பொருத்துவது சிக்கனமானது. நிலத்தில் நிலையாக உள்ள முகாம்கள், பிஎஸ்என்எல் படைகளுக்கென அமைத்த கண்ணாடி இழை வலையமைப்பையே முதலில் நம்ப வேண்டும். கடலிலும் வானிலும் இருப்பவர்களுக்குக் கேபிள் இழுக்க முடியாது.

2013-இல் ஏவப்பட்ட ஜிசாட்-7 கடற்படைக்கும், 2018-இல் ஏவப்பட்ட ஜிசாட்-7ஏ விமானப்படைக்கும் என்றே திட்டமிடப்பட்டன. தரைப்படைக்கான செயற்கைக்கோளுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. படைக்கொன்று என்று இவை பெருகும்போது, ஒன்றில் நெரிசலும் மற்றொன்றில் வெறுமையும் நேராதபடி, மூன்று படைகளுக்கும் பொதுவான ஒரே பங்கீட்டு மையம் வேண்டும். அடுத்த கூட்டுப் பயிற்சியிலேயே ஒவ்வொரு தடமும் எத்தனை மணி நேரம் பயனின்றிக் கிடந்தது என்று கணக்கெடுத்து, அதைக் கொண்டு ஒதுக்கீட்டைத் திருத்துமாறு பாதுகாப்பு அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை வீரர்,
அரக்கோணம்