ராய்ட்ஸ் முனையில் எங்களைத் தடுத்து நிறுத்தியவர்களுக்கு நன்றி மடல்

குடில் காவலர்களுக்கும், தச்சர்களுக்கும், படகோட்டிகளுக்கும், பறவை ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில், ராய்ட்ஸ் முனையில் இருக்கும், பிரிட்டிஷ் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் மரக்குடிலையும், அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள அடேலி பென்குயின்களின் குடியிருப்பையும் பார்த்துத் திரும்பியவர்கள் எழுதுகிறோம். சுற்றிக் காட்டியவர்களுக்கு நன்றி சொல்வதுதான் வழக்கம். நாங்கள் நன்றி சொல்ல விரும்புவது நீங்கள் தடுத்ததற்கு. "பையை வெளியே வையுங்கள்", "அதைத் தொடாதீர்கள்", "பூட்ஸை இன்னொரு முறை தேயுங்கள்" என்ற ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருக்கிறது. இனிப் போகிறவர்களும் அதைத் தெரிந்துகொள்ளட்டும் என்று கடிதத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறோம்.

முதலில் தச்சர்களுக்கும் பொருள் பாதுகாப்பாளர்களுக்கும். 1908 பிப்ரவரியில் எழுந்த இந்தக் குடில் 33 அடி நீளம், 19 அடி அகலம். லண்டனில் ஒருமுறை நிறுத்திப் பார்த்து, பிரித்து, 'நிம்ராட்' கப்பலில் ஏற்றி வந்தார்கள். சுவரின் உள்பக்கம் மெல்லிய பலகை, அடுத்து 4 அங்குல இடைவெளி முழுக்கத் தக்கைத் துகள், அதற்கு வெளியே ஃபெல்ட் என்ற தடித்த விரிப்பு, காடி வெட்டிக் கோத்த ஓரங்குலப் பலகை, மறுபடி ஒரு ஃபெல்ட். 15 பேர் இதற்குள் ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

"அந்தக் குளிரில் எதுதான் கெடும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்லாமே கெடும், மெதுவாக. தென்கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று சுவரோரம் பனியைக் குவிக்கிறது. கோடையில் சூரியன் மறைவதே இல்லை, அதனால் அந்தப் பனி உருகித் தரைப்பலகைக்கு அடியில் போய் மீண்டும் உறைகிறது. உள்ளே ஈரம் ஏறுகிறது, பூஞ்சை வருகிறது. மரத்தை மென்மையாக அழுக வைக்கும் பூஞ்சைகளை ராஸ் தீவுக் குடில்களிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். கடல் உப்பு செய்வது வேறு வகைச் சேதம். மரத்துக்குள் ஊறிய உப்பு படிகமாகும்போது நாரை நாரிலிருந்து பிரிக்கிறது, பலகையின் மேற்பரப்பு பஞ்சுபோலப் பிசிறு எழுந்து நிற்கிறது. மிச்சத்தைக் காற்றில் பறக்கும் எரிமலைச் சரளை அரம்போல ராவிவிடும்.

1960-61 கோடையில் வந்து உள்ளே இறுகியிருந்த பனியை அகற்றிய நியூசிலாந்துக் குழுவினரையும், 2004-இல் தொடங்கி நான்கு ஆண்டுகளில் இந்தக் குடிலின் சீரமைப்பை முடித்த அண்டார்க்டிக் ஹெரிடேஜ் டிரஸ்ட் பணியாளர்களையும் இந்த இடத்தில் நினைக்கிறோம். பலகைகளை மாற்றியவர்களைவிட, ராஸ் தீவிலேயே உள்ள நியூசிலாந்தின் ஸ்காட் ஆய்வுத் தளத்தில் இருண்ட குளிர்காலம் முழுக்கத் தகர டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு எங்கள் நன்றி ஒரு படி கூடுதல். அந்த வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. துருவைச் சிறு கருவிகளால் சுரண்டி எடுக்கவேண்டும், மறுபடி துருப்பிடிக்காமல் பூச்சுக் கொடுக்கவேண்டும், காகித லேபிள் கிழியாமல் அதன் இடத்திலேயே நிற்கவேண்டும். ஓட்டை விழுந்த டப்பாவில் இன்னொரு தலைவலி: உள்ளே இருக்கும் உணவு கசிந்து அடுத்த டப்பாவையும் அரிக்கும்.

உலகச் செய்திகளில் இடம் பிடித்தது என்னவோ விஸ்கிதான். தரைக்கு அடியிலிருந்து 2010-இல் மூன்று பெட்டி விஸ்கியும் இரண்டு பெட்டி பிராந்தியும் வெளியே வந்தன. ஒரு பெட்டியை கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி அருங்காட்சியகத்தில் மெல்ல மெல்ல உருகவைத்தார்கள். 2011-இல் அதன் மூன்று புட்டிகள் ஆய்வுக்காக ஸ்காட்லாந்துக்குப் பறந்தன, அதுவும் அந்த விஸ்கிப் பெயருக்கு உரிமை கொண்ட மதுபான நிறுவனத்தின் அன்றைய உரிமையாளர் விஜய் மல்லையாவின் தனி விமானத்தில். டப்பாவில் துரு சுரண்டியவருக்கு எந்த விமானமும் வரவில்லை.

அடுத்த நன்றி, கரையிறங்கும் முன் கப்பலில் எங்கள் உடைமைகளைக் குடைந்து பார்த்தவர்களுக்கு. சட்டைப்பை, ஒட்டுப்பட்டை, பேன்ட் மடிப்பு, பையின் தையலோரம் என விதை ஒளிந்திருக்கும் இடங்களை எல்லாம் வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சவேண்டும், குத்தி நிற்பதை இடுக்கியால் பிடுங்கவேண்டும். பூட்ஸின் அடிப்பள்ளங்களில் கல் இல்லாமல் எடுத்து, கிருமிநாசினித் தொட்டியில் மிதித்துவிட்டுத்தான் படகேற வேண்டும், திரும்பி வந்ததும் அதையே மறுபடி செய்யவேண்டும். 2024 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் அண்டார்க்டிக் நிலப்பரப்பில் உறுதியானபிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன: தரையில் உட்காரக்கூடாது, மண்டியிடக்கூடாது, பையைக் கீழே வைக்கக்கூடாது. படம் எடுக்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். எச்சம் பட்ட முழங்காலோடு அடுத்த குடியிருப்புக்குப் போனால் நோயையும் கூடவே கொண்டுபோகிறோம் என்பதை அவர்கள் யோசிக்கவேண்டும். சாப்பாடு எதுவும் கரைக்குப் போகாது. கழிப்பறை வேலையையும் கப்பலிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

ரப்பர் படகை ஓட்டியவர்களுக்கும் நன்றி. கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னதன் பயன் ஈரக் கையுறையோடு ஏறும்போதுதான் புரிகிறது. உள்ளங்கை வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. இறங்கக்கூடாது என்று முடிவு எடுப்பவர்களையும் சேர்த்தே சொல்கிறோம். காற்று திரும்பினால் மிதக்கும் பனிக்கட்டிகள் விரிகுடாவை அடைத்துவிடும், கரையில் இருப்பவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். இத்தனை தூரம் வந்து இறங்காமல் திரும்புகிறோமே என்று பயணிகள் கோபப்படுவார்கள் எனத் தெரிந்தே அந்த முடிவை எடுக்கிறார்கள்.

குடில் வாசலில் நின்ற வழிகாட்டிக்கு என்ன சொல்ல! காவலுக்கு நிற்பவரையும் சேர்த்து ஒரே நேரத்தில் உள்ளே 8 பேர், சுற்றுப்பகுதி முழுவதிலும் 40 பேர். நுழையும் முன் கடல்நீர் தெறித்த மேலுடையைக் கழற்றவேண்டும், ஏனென்றால் அந்த உப்புதான் உள்ளே இருக்கும் இரும்பை அரிக்கும். பிறகு பிரஷ்: பனியையும் சரளையையும் சுத்தமாகத் தேய்த்து எடுக்கவேண்டும். பனி உள்ளே போய் ஈரமாகும், சரளை தரைப்பலகையை உப்புத்தாள்போலத் தேய்க்கும். அந்த இடம் முழுவதிலும் மிக முக்கியமான கருவி எது என்று கேட்டால், வாசலில் கிடக்கும் அந்த பிரஷ்தான் என்போம். முதுகுப்பை வெளியே. நெரிசலில் திரும்பும்போது அலமாரியில் இடிப்பது பெரும்பாலும் பைதான். முக்காலிக்கு அடியில் தட்டையான ரப்பர் வேண்டும், 8 பேரும் உள்ளே இருந்தால் அதுவும் கூடாது. மூச்சுக்காற்றின் ஈரம்கூடக் கணக்கில் வரும் என்பதால் யாரும் அதிக நேரம் நிற்கக்கூடாது.

கண் இருட்டுக்குப் பழகும்வரை வாசலருகே நிற்கச் சொன்னீர்களே, நல்ல யோசனை. அவசரப்பட்டால் கண்ணில் படுவது அடுப்பு மட்டும்தான். பொறுத்தால் தொங்கும் பன்றித் தொடைகளும், அலமாரி டப்பாக்களின் லேபிள் எழுத்துகளும் துலங்குகின்றன. வெளியே குதிரைக் கொட்டில் இருந்த இடமும், அண்டார்க்டிகாவுக்கு வந்த முதல் காரான அர்ரோல்-ஜான்ஸ்டனை நிறுத்திய இடமும் இருக்கின்றன. அங்கே பனிக்கு அடியில் பீப்பாய் வளையமும் பலகைத் துண்டும் புதைந்திருக்கும், கால் வைக்கும் இடம் பார்த்துத்தான் நடக்கவேண்டும்.

பறவை ஆய்வாளர்களே, உலகில் அடேலி பென்குயின் குஞ்சு பொரிக்கும் இடங்களில் மிகத் தெற்கே இருப்பது இதுதான். 2000-இல் ராஸ் பனித்தட்டிலிருந்து பிரிந்த பி-15 என்ற ராட்சதப் பனிப்பாறை கடல்பனி விலகாமல் தடுத்தபோது, திறந்த நீருக்குப் போய்வர இந்தப் பறவைகள் வெகுதூரம் நடக்க நேர்ந்ததையும், இங்கே கூடுகள் குறைந்ததையும் நாம் அறிவது நீங்கள் ஆண்டுதோறும் எண்ணியதால்தான். குடியிருப்பு தனிப் பாதுகாப்புப் பகுதி, எல்லைக்கு வெளியே நின்றே பார்க்கவேண்டும். நவம்பரில் முட்டை, டிசம்பரில் குஞ்சு, ஜனவரியில் குஞ்சுகள் கூட்டமாக ஒண்டிக்கொள்ளும் பருவம், பிப்ரவரியில் கடல். வழியில் தனிப் பறவை எதிர்ப்பட்டால் 5 மீட்டர் விடவேண்டும், அதுவே நெருங்கி வந்தால் அசையாமல் நிற்கவேண்டும். தலை இறகைச் சிலிர்த்து, கண் வெள்ளை தெரியப் பார்த்தால் நாம் பின்வாங்கவேண்டும் என்று பொருள். அடைகாக்கும் பென்குயின் நம்மால் மிரண்டு ஒரு நொடி எழுந்தாலும் முட்டையை ஸ்கூவா என்ற கடற்பறவை தூக்கிவிடும்.

அந்த ஸ்கூவாவுக்கும் கூடு உண்டு, தரையில் சும்மா ஒரு சிறு பள்ளம். அது தலையை நோக்கிப் பாய்ந்தால் ஓடக்கூடாது. கையை தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, காலடியைப் பார்த்தபடி வந்த வழியே திரும்பவேண்டும். பனிமேல் படுத்திருக்கும் வெட்டல் சீல் தலை தூக்கி நம்மையே பார்த்தால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம். மூச்சுத்துளை உறைந்துவிடாமல் பல்லால் சுரண்டியே வாழும் விலங்கு அது, பல் தேய்ந்தால் பிழைப்பே கடினம். அதன் ஓய்வைக் கெடுக்க நமக்கு என்ன உரிமை?

கடைசியாக, உடன் வந்த பயணிகளுக்கு. உள்ளே 8 பேர் நிற்கும்போது வெளியே முப்பது பேர்வரை காற்றில் காத்திருந்தார்கள். நேரம் முடிந்ததும் யாரும் தயங்காமல் வெளியே வந்ததால்தான் கடைசி வரிசைக்கும் முறை கிடைத்தது. பதிவேட்டில் தேதி, நேரம், எண்ணிக்கை மூன்றையும் படிக்கும்படி எழுதியவர்களுக்கு இன்னொரு நன்றி. எத்தனை கால்கள் அந்தத் தரையை மிதித்தன என்ற கணக்கு காவலர்களுக்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது.

நன்றியுடன்,
ராய்ட்ஸ் முனையில் கரையிறங்கியவர்கள்