கிருஷ்ணகிரி மாவட்ட இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

பர்கூர் பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைத்தால் எங்கள் அலமாரியிலுள்ள எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அது வெடியா, லாரியா என்று பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். அதிர்வைப் பிரித்தறிவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒன்று. அதனால்தான், வெளியையே நீட்டியும் சுருக்கியும் வரும் ஈர்ப்பு அலைகளைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் அந்த அலைகளைப் பிடிக்கும் இரண்டு லைகோ கருவிகளும் இதே வேலையைத்தான் செய்தன. ஒவ்வொன்றிலும் 4 கிலோமீட்டர் நீளத்தில் இரு கரங்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இரண்டு கருந்துளைகள் சுழன்று ஒன்றாகியபோது கிளம்பிய ஈர்ப்பு அலை, அந்தக் கரங்களின் நீளத்தை மாற்றியது. எவ்வளவு தெரியுமா? ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக! லாரியும் கடலலையும் நிலத்தை இதைவிடப் பல மடங்கு அசைக்கும். ஆகவே கரங்களில் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகளை மெல்லிய சிலிகா இழைகளில், ஊசலுக்குக் கீழ் ஊசலாக நான்கு அடுக்குகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதுவும் போதாது. ஒரு கருவி இருக்கும் லிவிங்ஸ்டனில் பதிவான அதே வடிவம் 7 மில்லி நொடி கழித்து, ஏறக்குறைய 3000 கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு கருவி இருக்கும் ஹான்ஃபோர்டிலும் பதிவானது. எந்தக் குவாரி வெடியும் இரண்டு இடத்தையும் அப்படி ஆட்டாது.

2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்து முடிந்த பெரிய விண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள்) இணைந்தபோது கிளம்பிய அலையும் பிடிபட்டது. அடுத்த 1.7 நொடியில் அங்கிருந்து காமா கதிர் வெடிப்பு வந்தது. பிறகு தொலைநோக்கிகள் அங்கே திரும்பின. தங்கம் போன்ற கனத் தனிமங்கள் அத்தகைய இணைவில் உருவாவதற்கான தடயத்தை அந்த ஒளியில் கண்டார்கள். என் தாலிக்குண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேத்திக்கு இதைச் சொன்னேன்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் இதே போன்ற லைகோ-இந்தியா ஆய்வகம் அமைக்க 2023-இல் மத்திய அமைச்சரவை 2600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. அங்கே வேலைக்குப் போகப்போவது இன்று உங்கள் வகுப்பில் இருக்கும் வயதினர்தாம்.

லைகோ பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாதம் ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்குங்கள். முதலில் 2015-இன் பதிவு. அந்த அலை சுமார் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறுகிறது. ஒலியாக மாற்றினால் காதாலேயே கேட்கலாம். இரைச்சலோடு ஒரு முறை, இரைச்சலை நீக்கி ஒரு முறை கேட்கவிடுங்கள். எது அலை, எது இரைச்சல் என்று அவர்களே சொல்லட்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இரண்டு ஹெட்போன்கள் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
பர்கூர் அருகிலிருந்து ஒரு பாட்டி