அறிவியல் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வருகை தந்துள்ள அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒப்புக்கொண்ட பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் ஒன்பது நடந்தன. தேசிய அறிவியல் நாளன்று மாணவர்களுக்கு வினாடி வினா நடத்தினோம். நூல் அலமாரிக்குப் புதிய பூட்டு போடப்பட்டது. மறைந்த இரு உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, இடைக்கால இஸ்லாமிய உலகில் ஒளியையும் பார்வையையும் ஆராய்ந்தவர்களைப் பற்றிய ஆறு கூட்டத் தொடர். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு நானே பொறுப்பு. கூட்டத்துக்கு வராத பலர் இதைக் குறித்து வெளியில் பேசியிருப்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கண் எப்படிப் பார்க்கிறது என்ற கேள்விக்குக் கிரேக்கர்கள் விட்டுச் சென்ற விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்றார்கள். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்கள் பொருளின் வடிவமே காற்றின் வழியாகக் கண்ணை வந்தடைகிறது என்றார்கள். 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபுத் தத்துவ அறிஞர் அல்-கிந்தி கண்கதிர்க் கொள்கையைக் கைவிடவில்லை. ஆனாலும் ஒளிரும் பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் நேர்கோட்டில் ஒளி பரவுகிறது என்ற கருத்தைத் தந்தவர் அவர்தான். அதே காலத்தில் பாக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை மொழிபெயர்த்ததோடு, கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் எழுதினார். ஹுனைன் ஒரு கிறிஸ்தவர். இந்தத் தொடர் ஒரு சமயத்தாரின் பெருமை பேசுவதற்கு என்று சொன்ன உறுப்பினர் இரண்டாம் கூட்டத்துக்கு வந்திருந்தால் இதை அங்கேயே கேட்டிருப்பார்.

இவையனைத்தும் ஒருவரிடம் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 965-இல் பஸ்ராவில் பிறந்து, ஏறத்தாழ 1040-இல் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' (ஒளியியல் நூல்) என்ற ஏழு பகுதி நூலில் கண்கதிரை அடியோடு விலக்கினார். சூரியனை நேராகப் பார்த்தால் கண் நோகிறது. கண்ணை மூடிய பிறகும் ஒளியின் சுவடு நீங்குவதில்லை. வெளியிலிருந்து வரும் ஒன்று கண்ணில் வினைபுரிகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் எல்லாப் பக்கமும் ஒளி வீசினால், கண்ணின் ஒவ்வோர் இடத்திலும் எல்லாம் கலந்து குழம்ப வேண்டுமே? கண்ணின் மேற்பரப்பில் செங்குத்தாக விழும் கதிரே விலகாமல் உள்ளே சென்று உணரப்படுகிறது என்று அவர் விடை சொன்னார். இந்த விடை முழுமையானதன்று. கண்வில்லையே ஒளியை உணர்கிறது என்று அவர் கருதினார். உருவம் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது என்று கெப்ளர் காட்டியது 1604-இல்தான். இதனால்தான், அழைப்பிதழில் அவரைக் 'கேமராவைக் கண்டுபிடித்தவர்' என்று அச்சிட வேண்டும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அவர் செய்தது அதைவிடப் பெரியது. கணித அறிஞரின் கோடுகளையும், மருத்துவரின் கண்ணையும், தத்துவ அறிஞரின் இயற்கையையும் ஒரே ஆய்வுக்குள் கொண்டுவந்து, கூற்றுகளைச் சோதனையால் உறுதிப்படுத்த முயன்றார்.

இப்னுல் ஹைதம் நைல் நதியைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லி, அது இயலாதென்று கண்டபின் கலீஃபா அல்-ஹாக்கிமுக்கு அஞ்சிப் பைத்தியம்போல் நடித்தார் என்ற கதையைப் பிற்காலத்தவரான அல்-கிஃப்தி சொல்கிறார். அதை அப்படியே வரலாறாகக் கொள்ளத் தேவையில்லை என்று அன்றே குறிப்பிட்டேன். அந்தக் கதையைச் சொன்ன மாதம் 31 பேர் வந்திருந்தார்கள். கோணங்களை வரைந்து விளக்கிய அடுத்த மாதம் 7 பேர். இதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

ஐந்தாம் கூட்டத்தில், இப்னுல் ஹைதமின் இருட்டறைச் சோதனையை நம் பின்னறையில் செய்து பார்த்தோம். ஜன்னலைக் கறுப்பு அட்டையால் மூடி, கதவிடுக்கில் கோணிச் சாக்கைத் திணித்து, வெளியே பெஞ்சின் மீது மூன்று மெழுகுவர்த்திகளை வடக்கு தெற்காக வரிசையில் நிறுத்தினோம். முதலில் அட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துளை போட்டுவிட்டேன். எதிர்ச்சுவரில் கட்டிய வேட்டியில் ஒரே மங்கலான வெளிச்சம்தான் தெரிந்தது. தவறு என்னுடையது. பகுதிக் கிரகணத்தின்போது சூரியனின் பிறை வடிவம் சிறு துளையின் வழியேதான் தெளிவாக விழும், துளை பெரிதானால் பிறை மறைந்து துளையின் வடிவமே தெரியும் என்று இப்னுல் ஹைதம் தனி நூலே எழுதியிருக்கிறார். அதை முந்தைய கூட்டத்தில் வாசித்துக் காட்டியவனும் நான்தான். அட்டையை மாற்றி ஆணியால் துளையிட்டதும் வேட்டியில் மூன்று பொட்டுகள் தனித்தனியாக வந்து நின்றன.

ஓய்வுபெற்ற மின்பணியாளரான நம் உறுப்பினர் ஒருவர் வெளியே நின்று வடக்கு ஓரத்து மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்தார். வேட்டியில் தெற்கு ஓரத்துப் பொட்டு மட்டும் அணைந்தது. கையை எடுத்தார், அதே இடத்தில் மீண்டும் தோன்றியது. உடன் வந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவி, "துளை ஒன்றுதானே ஐயா, மூன்று வெளிச்சமும் அதற்குள் எப்படி ஒன்றோடொன்று கலக்காமல் வந்தது?" என்று கேட்டாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் இந்தச் சோதனையைக் கொண்டு நிலைநாட்டியது இதைத்தான்: ஒளிகள் காற்றில் ஒன்றையொன்று கடந்தாலும் கலப்பதில்லை. பரீட்சைக்கு உதவாத பொருளில் ஓர் ஆண்டை வீணடித்துவிட்டதாகச் செயற்குழுவில் சொல்லப்பட்டது. அந்த மாணவியின் கேள்வி காதில் விழுந்த பிறகும் இதை வீண் என்று ஒப்புக்கொள்ள என்னால் இயலாது.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாகவே இருக்கின்றன. இடையில் ஏற்பட்ட பற்றாக்குறையை இருவர் கைமாற்றாகக் கொடுத்து ஈடுசெய்திருக்கிறோம். 64 உறுப்பினர்களில் 23 பேர் மட்டுமே ஆண்டுச் சந்தாவை முழுமையாகச் செலுத்தியிருக்கிறார்கள். மூன்று நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். பதில் எழுதியவர்களில் சிலர், வருவதே இல்லையே, சந்தா எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அறை வாடகையும் மின்கட்டணமும் வராதவர்களுக்காகக் குறைவதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அட்டை, மெழுகுவர்த்தி, படநகல் ஆகியவற்றுக்கான செலவை நான் சங்கக் கணக்கில் சேர்க்கவில்லை.

இடம் கொடுத்து உதவும் கட்டட உரிமையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், தலைவர் மற்றும் பொருளாளருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வானவில்லை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். 'மனாழிர்' எழுதப்பட்டு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின், பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி ஒளிவிலகலில் ஐயம் கொண்டு தம் ஆசிரியரிடம் சென்றார். ஆசிரியர் குத்புத்தீன் அஷ்-ஷிராஸி, இளமையில் கண்ட நினைவைக் கொண்டு அந்நூலின் பிரதியைத் தொலைதூரத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். அப்படியொரு நூலைத் தேடி வரவழைக்க ஒருவர் இல்லாதிருந்தால் அதன் தொடர்ச்சி அங்கே அறுந்திருக்கும் என்பது என் எண்ணம். அல்-ஃபாரிஸி அந்நூலுக்கு விரிவான விளக்கம் எழுதினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளிக்கு ஈடாக இருட்டறையில் வைத்து, ஒளி உள்ளே நுழையும்போது ஒருமுறை விலகி, உட்புறத்தில் ஒருமுறை எதிரொளித்து, வெளியேறும்போது மீண்டும் விலகுவதால் முதல் வில் தோன்றுகிறது என்றும், எதிரொளிப்பு இருமுறை நிகழ்ந்தால் இரண்டாம் வில் தோன்றுகிறது என்றும் காட்டினார்.

இதை நாமும் செய்து பார்க்க ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவை வேண்டும். இருவரின் ஆண்டுச் சந்தா வந்தால் அதை வாங்கிவிடலாம். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைத்துவிட்டு, குடுவையை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். பின்னறையின் கிழக்கு ஜன்னலில் காலை 8 மணி முதல் ஒன்பதரை வரைதான் வெயில் நேராக விழுகிறது. கதவிடுக்கை அடைக்கவும் அட்டையைப் பிடிக்கவும் குறைந்தது மூன்று பேர் தேவை. வரும் மாத முதல் ஞாயிறு காலை ஏழரைக்கு அறையைத் திறந்து வைத்திருப்பேன். ரசீதுப் புத்தகமும் என்னிடமே இருக்கும்.