விரிசல் விட்ட ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சித் தராதீர்கள்

நெடுஞ்சாலை ஓரம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் மினி லாரியின் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில், நடு போல்ட் ஓட்டையை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. உங்களில் ஒருவரிடம்தான் காட்டினேன். "ஓடி ஓடி இரும்பு இறுகிப்போச்சு தம்பி, காய்ச்சினா பழையபடி ஆயிடும்" என்று சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, நாலு தட்டுத் தட்டிக் கொடுத்தார். ஐந்தாம் நாள், நெல் மூட்டையோடு நடுரோட்டில் முறிந்தது.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் வம்பு. செம்புக் குடம் அடிக்கிறவரைப் பாருங்கள். அடிக்க அடிக்கத் தகடு விறைத்துக்கொள்ளும், அதற்கு மேல் அடித்தால் கிழியும், அதனால் நடுநடுவே உலையில் காய்ச்சி இளக்கிக்கொண்டு திரும்ப அடிப்பார். உள்ளே சிக்குப் பிடித்துக் கிடந்த அணு வரிசைகள் சூட்டில் புதிதாக அடுக்கிக்கொள்கின்றன. சரி, ஆனால் அதெல்லாம் விரிசல் விழாத வரைக்கும்தான். விரிசல் என்பது காற்று புகுந்த பிளவு. காய்ச்சினால் ஒட்டாது, உள்பக்கம் இன்னும் கருகும். போதாக்குறைக்கு, பட்டையைக் கம்பெனியில் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி அளவாகச் சூடு காட்டித்தான் ஸ்பிரிங் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சிவக்கக் காய்ச்சிச் சும்மா ஆறவிட்டால் அந்தப் பதமும் போச்சு.

இரும்பின் குணமே மாறிவிடுகிறது என்று நினைத்தது நீங்கள் மட்டும் இல்லை. 1842-ல் வெர்சாயிலிருந்து பாரிஸ் போன ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதிர்ந்து அதிர்ந்து இரும்பு உள்ளுக்குள் கற்கண்டு மாதிரி ஆகிவிடுகிறது என்று அப்போது படித்த எஞ்சினியர்களே நம்பினார்கள். இல்லை, அச்சின் தடிமன் சட்டென்று மாறும் மூலையில் விரிசல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது என்று அடுத்த ஆண்டே எழுதியவர் ஸ்காட்லாந்து எஞ்சினியர் ரேங்கின்.

என் பட்டையிலும் அதே கதை. முறிந்த முகத்தைப் பார்த்தால், ஓட்டை ஓரம் அரை அங்குலத்துக்கு வழுவழுப்பாக, கறுத்து, சிப்பி ஓட்டில் இருப்பது போல வளைந்த கோடுகள், அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த பழைய விரிசல். மிச்சமெல்லாம் பளிச்சென்று சொரசொரப்பு, அது அன்றைக்கு முறிந்தது.

கோடு தெரிந்தால் "மாத்திரு தம்பி" என்று சொல்லிவிடுங்கள், பார்த்துச் சொன்னதற்கான கூலியைக் கொடுக்கிறோம். ஓட்டை, வெல்டிங் பொட்டு, சுத்தியல் தழும்பு, இவற்றின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கேதான் பெரும்பாலும் தொடங்கும். முறிந்த துண்டை டூல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த லோடுக்கு வரும்போது காட்டுகிறேன்.