கோட்டையடியில் கூத்து

ஆசிரியருக்கு,

பார்வையாளர்களையும் களத்தில் இறக்கி உள்ளூர்ப் போர் வரலாற்றைச் சொல்லும் நாடகங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். அதை வெளிநாட்டுப் புதுமை என்றதுதான் உறுத்தியது. எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில், துரியோதனன் வீழும் நாளான படுகளத்தன்று, மண்ணால் செய்த அவன் உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும். சிறுவயதில், துரியோதனன் வேஷக்காரர் பீமனுக்குத் தப்பி எங்களுக்குள் புகுந்து ஓடியதில் என் ஒற்றைச் செருப்பு போனதுதான், இன்னும் கிடைக்கவில்லை.

சரி, போர்க்கதைக்கு இங்கே பஞ்சமா? 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை கிருஷ்ணகிரிக் கீழ்க்கோட்டையைப் பிடித்தும், திப்புவின் வீரர்கள் மேலிருந்து உருட்டிய பாறைகளுக்கு முன் மலையேற முடியாமல் திரும்பியது. மாங்கனிக் கண்காட்சி நடக்கும் மாலைகளில் மலையடிவாரத்தில் இதைக் கூத்துக் கலைஞர்களைக் கொண்டே மாவட்ட நிர்வாகம் நடத்தலாம். பாறை உருளும் ஓசையை மட்டும் மத்தளக்காரரிடம் விட்டுவிடலாம்.

வாசகர், கிருஷ்ணகிரி